பட்டம் பிரிந்த பதவி

இங்கிலாந்தின் தென்பகுதியிலே, சசெக்ஸ் என்னும் கரையோர மாவட்டத்தில், அகழி சூழ்ந்த பழைய செங்கற் கோட்டை ஒன்று உண்டு. அதன் பெயர் ஹேர்ஸ்மன்சூ. 1972 ஆம் ஆண்டில் அக்கோட்டைக்குப் புதிய பணிப்பாளர் ஒருவர் வந்து சேர்ந்தார். அரசர் குடும்பத்தவர் எவரும் அப்போது அங்கே வாழவில்லை. கிரீனிச் அரச வானாய்வு நிலையமே அதனைத் தன் இருப்பிடமாகக் கொண்டிருந்தது. இரண்டாம் சார்ள்ஸ் மன்னன் 1675 இல் நிறுவிய நிலையம் அது.

நிறுவிய நாள் தொடக்கம் 1971 ஆம் ஆண்டின் இறுதிவரை அந்நிலையத்துக்குத் தலைமை தாங்கினோர் பதினொருவர். பதினொருவரும் ஆண்கள். பதினொருவரும் ‘அரச வானியலாளர்’ என்னும் பட்டத்தைத் தாங்கியவர்கள். பதவியையும் பட்டத்தையும் வேறு வேறாக எண்ணிப் பார்த்தவர் அதுவரை இல்லை. அவை உடலும் நிழலும் போல் ஒன்றையொன்று தொடர்ந்து வந்தன. பன்னிரண்டாவதாக வந்தவர் மார்கரெற் பேர்பிட்ஜ் என்னும் பெண்மணி. அவருக்குப் பதவி கிடைத்தது, பட்டம் கிடைக்கவில்லை. ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகப் பிரியாதிருந்த இரண்டும் அவர் வாசற்படியில் கால் வைத்த வேளையிலே பிரிந்து போயின.

ஏன் பிரிந்தன? பிரிந்ததனால் இழப்பு யாருக்கு? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின் அந்நிலையத்தின் வரலாற்றையும் அப்பெண்மணியின் வரலாற்றையும் சேர்த்தே நோக்குதல் வேண்டும்.

கடலோடிகளுக்காகப் பிறந்த நிலையம்

கிரீனிச் நிலையம் விண்ணின் அழகைச் சுவைப்பதற்காகக் கட்டப்பட்டதன்று. நடுக்கடலிலே கப்பல் எந்த நெடுங்கோட்டில் நிற்கிறது என்பதை அறிய இயலாது மாலுமிகள் தவித்த காலம் அது. விண்மீன்களின் இருப்பிடங்களையும் சந்திரனின் போக்கையும் பிழையறக் கணித்தால் அக்குறை தீரும் என்று அறிஞர் கருதினர். அப்பணிக்கென நியமனம் பெற்றவர் ஜோன் பிளாம்ஸ்ரீட். ஆண்டுக்கு 100 பவுண் சம்பளம் என்று அவருக்கு விதிக்கப்பட்டது. கருவிகள் வாங்கப் பணம் ஒதுக்கப்படவில்லை. அவர் தம் கைப்பொருளைச் செலவிட்டே பெரும்பாலானவற்றை அமைத்துக்கொண்டார்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்துச் சேர்த்த தம் அளவீடுகள் முழுமை பெறுமுன் வெளிவருதல் கூடாது என்பது பிளாம்ஸ்ரீட்டின் பிடிவாதம். அவை உடனே வேண்டும் என்பது ஐசாக் நியூற்றனின் அவசரம். 1712 இல் அவர் இசைவின்றியே அவருடைய விண்மீன் அட்டவணை அச்சேறியது. பின்னர் அதன் 400 பிரதிகளுள் 300 ஐத் தேடிப் பெற்றுத் தீயிலிட்டார் பிளாம்ஸ்ரீட். தலைவருக்கும் அவருக்கு மேலே நின்றோருக்கும் இடையிலான பூசல் அந்நிலையத்தின் முதல் அத்தியாயத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

பின்வந்தோர் அந்நிலையத்தின் பெயரை உலகறியச் செய்தனர். வால்வெள்ளியால் பெயர் நிலைத்த ஹலி, கடலோடிகளின் கைநூலாகிய பஞ்சாங்கத்தை 1767 ஆம் ஆண்டுக்கு முதன்முதலாக வெளியிட்ட மாஸ்கலின், நாற்பத்தாறு ஆண்டுகள் ஆட்சி செய்த எயரி ஆகியோர் அவ்வரிசையிலே குறிப்பிடத்தக்கவர்கள். 1884 இல் வாசிங்டனில் கூடிய மாநாடு கிரீனிச் வழியே செல்லும் கோட்டையே உலகின் தலைமை நெடுங்கோடாக ஏற்றுக்கொண்டது. நம் பாடசாலைச் சிறுவரும் தேசப்படத்தில் விரல் வைத்துக் காட்டும் கோடு அதுவே. காலம் செல்ல இலண்டனின் புகையும் விளக்கொளியும் விண்ணை மறைத்தன. இரண்டாம் உலகப்போரின் பின் நிலையம் சிறிது சிறிதாகச் சசெக்ஸ் கோட்டைக்குக் குடிபெயர்ந்தது.

கப்பற் சாளரத்திற் கண்ட காட்சி

மார்கரெற் 1919 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 12 ஆம் நாள் இங்கிலாந்தின் ஸ்ரொக்போட் நகரிற் பிறந்தார். தந்தை இரசாயனவியல் விரிவுரையாளர்; தாய் அவரிடம் பயின்ற மாணவி. நான்கு வயதளவில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்து பிரான்சுக்குச் சென்ற இரவொன்றிலே கடல் நோயால் வருந்திய குழந்தையைத் தேற்றுவதற்காகக் கப்பற் சாளரத்தருகே தூக்கிக் காட்டினார்கள். நகர விளக்குகள் இல்லாத கடலின்மேல் விண்மீன்கள் அத்தனையும் மின்னிக்கொண்டிருந்தன. அக்காட்சியே தம்மை விண்ணோடு பிணைத்தது என்று முதுமையில் அவர் நினைவு கூர்ந்தார். சற்று வளர்ந்த பின், விண்மீன்களின் தூரம் எத்தனை கோடி மைல் என்று ஜேம்ஸ் ஜீன்ஸின் நூல்களிற் படித்தபோது, சிறுவயது முதல் தமக்குப் பிரியமான பேரெண்களும் பிரியமான விண்மீன்களும் ஒரே துறையில் சந்திப்பதைக் கண்டு மகிழ்ந்தார்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே 1939 இல் பட்டமும் 1943 இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். போர்க்காலத்தில் ஆண்கள் பலரும் படைப்பணிக்குச் சென்றுவிட, மில் ஹில் என்னுமிடத்திலிருந்த பல்கலைக்கழக வானாய்வகத்தைப் பேணும் பொறுப்பு அவர் கையில் வந்தது. குண்டு வீச்சுக்கு அஞ்சி நகரமே விளக்கணைத்து இருளில் மூழ்கியபோது, வானம் மட்டும் நூறாண்டு காணாத தெளிவோடு தோன்றிற்று. 1944 ஓகஸ்டில் அவர் ஒரு விண்மீனை ஒளிப்படமெடுத்துக்கொண்டிருந்த இரவிலே பறக்கும் குண்டுகள் அயலில் வீழ்ந்து வெடிக்க, தொலைகாட்டி அதிர்ந்து விண்மீன் பார்வையினின்று விலகிற்று. அவர் அதனைத் தேடிப் பிடித்து மீண்டும் பணியைத் தொடர்ந்தார்.

அடைத்த கதவும் சுற்றுவழியும்

குண்டுக்குக் கலங்காத அவரைக் கடிதம் ஒன்று கலங்க வைத்தது. போர் முடிந்த காலத்தில், கலிபோனியாவிலுள்ள வில்சன் மலை வானாய்வகத்தில் ஆராய்ச்சி செய்வதற்குரிய கார்னெகி நிறுவன உதவிப்பணத்துக்கு அவர் விண்ணப்பித்தார். அது ஆண்களுக்கு மட்டுமே உரியது என்று பதில் வந்தது. அறிவிற் குறை சொல்லப்படவில்லை. ஆற்றலிற் குறை சொல்லப்படவில்லை. பிறப்பே குறையாகச் சொல்லப்பட்டது.

கதவு அடைபட்டால் அதனை முட்டிக்கொண்டே நிற்றல் ஒரு வழி. சுற்றிச் சென்று உட்புகுதல் இன்னொரு வழி. மார்கரெற் இரண்டாவது வழியைத் தம் வாழ்க்கைக்கு விதியாக வகுத்துக்கொண்டார். 1948 இல் பௌதிகவியலாளரான ஜெப்ரி பேர்பிட்ஜை அவர் மணந்தார். மனைவியின் ஆர்வம் கணவரையும் வானியலுக்கு ஈர்த்தது. 1955 இல் அதே உதவிப்பணம் ஜெப்ரிக்குக் கிடைத்தது. ஆவணத்திலே கணவர் ஆராய்ச்சியாளர். மலையுச்சியிலே தொலைகாட்டியின் முன் அமர்ந்து இரவெல்லாம் விழித்தவர் உதவியாளராகச் சென்ற மனைவி. ஆண் வானியலாளர் தங்கும் விடுதிக்கு அங்கே ‘துறவி மடம்’ என்றே பெயர். பெண் அங்கே தங்க இடமில்லை. ஆகவே வெப்பமூட்டும் வசதியற்ற தனிக் குடிசையொன்றிலே தம்பதிகள் தங்கினர். கண்ணகிக்கும் மாதவிக்கும் இடமளித்த கதைகளைப் படித்து வளர்ந்த நமக்கு, விண்ணைப் பார்க்கவும் ஆணாகப் பிறந்திருத்தல் வேண்டும் என்ற இவ்விதி விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் நம் வீடுகளிலும் கழகங்களிலும் இதற்கு ஒப்பான விதிகள் எழுதப்படாமலே நிலவியமையை மறுத்தல் இயலாது.

விண்மீன் என்னும் உலைக்களம்

அக்குடிசையில் தங்கி அவர் திரட்டிய சான்றுகள் எதற்குப் பயன்பட்டன என்பதையும் மாணவர் அறிதல் நன்று. நம் குருதியிலுள்ள இரும்பும், மூச்சிலுள்ள ஒட்சிசனும், எலும்பிலுள்ள கல்சியமும் எங்கே உண்டாயின என்பது அக்காலத்தில் விடை காணாத வினா. 1957 இல் மார்கரெற், ஜெப்ரி, அமெரிக்கரான வில்லியம் பௌலர், ஆங்கிலேயரான பிரெட் ஹொயில் ஆகிய நால்வரும் நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை வெளியிட்டனர். மூலகங்களிற் பெரும்பாலானவை விண்மீன்களின் வயிற்றிலே ஆக்கப்பட்டவை என்பது அதன் சாரம்.

விண்மீன் ஐதரசனை எரித்து ஈலியம் ஆக்குகிறது. ஐதரசன் குறைந்ததும் மையம் சுருங்கி வெப்பம் ஏற, ஈலியம் காபனாகவும் ஒட்சிசனாகவும் மாறுகிறது. பெரிய விண்மீன்களிலே இம்முறை தொடர்ந்து இரும்புவரை செல்கிறது. இரும்பைக் கடந்து செல்ல இவ்வெரிப்பு உதவாது. ஏனெனில் அதற்கு மேல் சத்தி வெளிவருவதில்லை, செலவாகிறது. அங்கே நியூத்திரன் என்னும் துணிக்கைகளைக் கருக்கள் ஒவ்வொன்றாக விழுங்கிப் பாரமடைகின்றன. ஒருவகை விண்மீன்களிலே இது ஆறுதலாக நிகழ்கிறது. வெடித்துச் சிதறும் நிகழ்ச்சிகளிலே நொடிப்பொழுதில் நிகழ்கிறது. இத்தகைய முதிர்ந்த விண்மீனொன்றிலே பேரியம் போன்ற மூலகங்கள் மிகுந்திருப்பதை நிறமாலையைப் பகுத்துக் காட்டியவர்கள் பேர்பிட்ஜ் தம்பதிகள். ஏட்டிலே கணக்காக இருந்ததற்கு விண்ணிலே சாட்சி தேடிக் கொடுத்த பணி அது.

பிற்காலத்தில், 1983 இல், இத்துறைக்கான நோபல் பரிசின் ஒரு பாதி பௌலருக்குக் கிடைத்தது. மறுபாதியைப் பெற்றவர் தமிழ்க் குடும்பத்திற் பிறந்த சுப்பிரமணியன் சந்திரசேகர். பேர்பிட்ஜ் தம்பதிகளுக்கும் ஹொயிலுக்கும் அதிற் பங்கில்லை. ஆயினும் வானியல் மாணவர் இன்றும் அக்கட்டுரையை ஆசிரியர் நால்வரின் முதலெழுத்துக்களாலேயே சுட்டுகின்றனர். அம்முதலெழுத்துக்களில் இரண்டு பேர்பிட்ஜ்களுக்கு உரியவை.

வேண்டாமென்ற பரிசு

அமெரிக்காவிலே குடியேறிய பின்னும் தடைகள் ஓயவில்லை. கணவனும் மனைவியும் ஒரே பல்கலைக்கழகத்தில் ஆசிரியராயிருத்தல் ஆகாது என்ற விதி சிக்காகோவில் குறுக்கே நின்றது. ஒருவரே ஆசிரியராகலாம் என்றால் அவ்வொருவர் கணவரே என்பது சொல்லாமலே விளங்கிற்று. 1962 இல் இருவரும் சான் டியாகோவிலுள்ள கலிபோனியாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றனர். 1964 இல் இலண்டன் அரச கழகம் மார்கரெற்றைத் தன் உறுப்பினராகத் தெரிந்தது.

1971 இல் அமெரிக்க வானியற் சங்கம் அன்னி கனன் பெயரால் வழங்கும் பரிசை அவருக்கு அளிக்க முன்வந்தது. அப்பரிசு பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதனாலேயே அவர் அதனை ஏற்க மறுத்தார். பெண் என்பதற்காக ஒதுக்குதல் எவ்வளவு தவறோ, பெண் என்பதற்காகத் தனியே உயர்த்துதலும் அவ்வளவு தவறு. இரண்டும் தொழிலுலகிலிருந்து நீங்க வேண்டும் என்பது அவர் கூறிய காரணம். பாதிக்கப்பட்ட ஒருவர் தமக்குச் சார்பான சலுகையையும் மறுப்பது எளிதன்று. அவர் கோரியது இரக்கமன்று, ஒரே அளவுகோல். 1976 இல் அதே சங்கம் அவரைத் தலைவராக்கிற்று. அப்பதவியை ஏற்ற முதற்பெண் அவரே.

பதவி வந்தது

இத்தகையவரையே 1972 இல் கிரீனிச் நிலையத்தின் பணிப்பாளராக அழைத்தார்கள். பதினோராவது அரச வானியலாளரான ரிச்சர்ட் வூலி ஓய்வு பெற்றிருந்தார். நிலையம் 1965 தொடக்கம் கடற்படைத் திணைக்களத்தின் கையினின்று நீங்கி விஞ்ஞான ஆராய்ச்சி மன்றத்தின் கீழ் வந்திருந்தது. பணிப்பாளர் பதவி மார்கரெற்றுக்கு என்றும், அரச வானியலாளர் பட்டம் கேம்பிரிட்ஜில் வானொலி வானியல் ஆராய்ந்த மார்ட்டின் றைலுக்கு என்றும் முடிவாயிற்று.

இங்கே நடுவுநிலை தவறுதல் ஆகாது. றைல் தகுதியற்றவர் அல்லர். 1974 இல் நோபல் பரிசு பெற்ற பேரறிஞர். அன்று பிரிந்த பதவியும் பட்டமும் பின்னர் ஆண்கள் பணிப்பாளராக வந்த காலத்திலும் ஒருவரிடம் ஒன்றாகவில்லை. ஆகவே இது பெண் என்பதனால் மட்டுமே நேர்ந்தது என்று அறுதியிட்டுரைப்பது கடினம். மார்கரெற்றே சில வேளைகளில் இதனைப் பெண்ணுக்கு இழைத்த அவமதிப்பென்றும், சில வேளைகளில் பணிப்பாளரின் செல்வாக்கைக் குறைக்கச் செய்த அரசியல் என்றும் கருதினார். ஆயினும் ஒன்று கேட்கலாம். முந்நூறு ஆண்டு மரபை மாற்ற வேறு வேளையே கிடைக்கவில்லையா? மரபு மாறியதிற் குற்றமில்லை எனினும், மாறிய தருணம் பேசுகிறது. காரணம் எதுவாயினும், அக்கோட்டைக்குள் நுழைந்தவர் முன்னோர் எவருக்கும் நேராத ஒரு குறையோடு நுழைந்தார்.

மேகத்தின் கீழ் ஒரு தொலைகாட்டி

பட்டத்தை எண்ணி அவர் காலம் கழிக்கவில்லை. அவரை உறுத்தியது வேறொன்று. ஹேர்ஸ்மன்சூவிலே 98 அங்குல ஆடியுடைய ஐசாக் நியூற்றன் தொலைகாட்டி நின்றது. முதல் அரச வானியலாளரோடு பூசலிட்ட அதே நியூற்றனின் பெயர்! 1946 இல் திட்டமிட்டு, இருபத்தொரு ஆண்டுகள் கழித்து, 1967 டிசெம்பர் முதலாம் நாள் எலிசபெத் மகாராணி திறந்து வைத்த கருவி அது. பிரித்தானியரின் பெருமை அது. ஆனால் அது நின்ற இடமோ கடலை அடுத்த தாழ்நிலம். சதுப்பு நிலத்து மூடுபனி ஒருபுறம், மேகம் ஒருபுறம், ஈரக்காற்றின் அசைவால் நடுங்கும் விண்மீன் வடிவம் ஒருபுறம். எத்தனை பெரிய கண்ணாயினும் திரைக்குப் பின்னால் இருந்தால் என்ன காணும்?

வில்சன் மலையின் தெளிந்த இரவுகளை அறிந்தவர் மார்கரெற். இத்தொலைகாட்டியைப் பிரித்தெடுத்து, தெளிந்த வானமுள்ள அயல்நாட்டு மலையொன்றுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று அவர் வெளிப்படையாக வற்புறுத்தினார். பெரும் பொருட்செலவில் கட்டித் திறந்து ஐந்தே ஆண்டு கழிந்த ஒன்றை ‘இடம் பிழை’ என்று வெளியிலிருந்து வந்த ஒருவர் சொல்வதைக் கேட்க எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கும்? எதிர்ப்பு எழுந்தது. குழுக்கூட்டங்களும் கடிதப் போக்குவரத்தும் ஆராய்ச்சி நேரத்தை விழுங்கின. ஒன்றரை ஆண்டுகூட நிறையுமுன், 1973 இன் பிற்பகுதியில், அவர் பதவியைத் துறந்து சான் டியாகோவுக்குத் திரும்பினார்.

அவர் தோற்றாரா? பதவியின் கால அளவை மட்டும் எண்ணுவோர் அவ்வாறு கூறலாம். ஆனால் உண்மை என்பது சொன்னவர் ஊரைவிட்டுப் போனவுடன் தானும் போய்விடுவதில்லை. 1979 இல் அத்தொலைகாட்டி ஹேர்ஸ்மன்சூவினின்று பிரித்தெடுக்கப்பட்டது. கனேரித் தீவுகளைச் சேர்ந்த லா பால்மாவிலே, கடல்மட்டத்துக்கு 2,300 மீற்றருக்கு மேலே, முகில்களைக் கீழே தள்ளி நிற்கும் மலைமுடியில் புதிய ஆடியோடு அதனை நிறுவினார்கள். 1984 இல் அது மீண்டும் விண்ணை நோக்கிற்று. இந்நூற்றாண்டிலும் அங்கிருந்தே பணிசெய்து வருகிறது. அவர் கேட்டது நடந்தது. கேட்டவர் அங்கே இல்லை.

சான் டியாகோவிலே அவருக்குப் பணி குறையவில்லை. 1979 தொடக்கம் 1988 வரை அங்குள்ள வானியல் விண்வெளி ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை தாங்கினார். 1990 இல் விண்ணிற் செலுத்தப்பட்ட ஹபிள் தொலைகாட்டியில் மங்கலான பொருள்களின் நிறமாலையை ஆராயும் கருவியை உருவாக்கிய குழுவில் அவரும் ஒருவர். மேகமே தொடமுடியாத உயரத்தில் தம் கருவி நிற்கக் காணும் பேறு அவருக்கு வாய்த்தது. தம் நூறாவது வயதை நிறைவு செய்தபின், 2020 ஏப்பிரல் 5 ஆம் நாள் அவர் காலமானார்.

நிலையம் போயிற்று, பட்டம் நின்றது

பின்கதை இன்னும் வியப்புக்குரியது. கிரீனிச் அரச வானாய்வு நிலையம் 1990 இல் கேம்பிரிட்ஜுக்கு இடம்பெயர்ந்தது. 1998 இல் மூடப்பட்டது. கிரீனிச் குன்றிலுள்ள பழைய கட்டடம் இன்று காட்சிச்சாலை. பணிப்பாளர் என்ற பதவியே இல்லாதொழிந்தது. பதவியினின்று பிரித்தெடுத்த பட்டம் மட்டும் நிலைத்து நிற்கிறது. நிழலை வெட்டி எடுத்தார்கள். உடல் மறைந்தது, நிழல் எஞ்சியது.

2025 ஜூலையில் அப்பட்டம் பதினாறாவது முறையாக வழங்கப்பட்டது. பெற்றவர் மிச்சேல் டொகேர்ட்டி என்னும் பெண்மணி. தென்னாபிரிக்காவிற் பிறந்தவர். சனிக்கிரகத்தை ஆராய்ந்த கசினி விண்கலத்தின் காந்தப்புல அளவி அவர் பொறுப்பில் இருந்தது. என்செலாடஸ் என்னும் சிறு சந்திரனை அணுகியபோது காந்தப்புலம் எதிர்பாராத முறையில் வளைவதை அக்கருவி காட்டிற்று. இன்னும் நெருங்கிச் சென்று பார்க்குமாறு அவர் குழு வேண்ட, 2005 இல் விண்கலம் அருகே சென்று, அதன் தென்முனையினின்று நீராவி பீறிடுவதைக் கண்டது. அதே 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பிரித்தானியாவின் விஞ்ஞான தொழில்நுட்ப வசதிகள் மன்றத்துக்கும் அவர் தலைவராகியிருந்தார். தேசிய நிறுவனம் ஒன்றின் தலைமையும் அரச வானியலாளர் பட்டமும் ஒரு பெண்ணின் கையிலே சேர்ந்தன. 1972 இல் ஒருவருக்கு மறுக்கப்பட்ட சேர்க்கை, 53 ஆண்டுகளின் பின் வேறொருவருக்கு வேறொரு வடிவில் வாய்த்தது. முதலாமவர் அதனைக் காண உயிரோடு இல்லை.

நியமனம் என்பது ஒருவருக்கு நாற்காலி அளிப்பதோடு முடிந்துவிடுவதன்று. அந்நாற்காலியில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்கும் செவியையும் உடன் அளித்தல் வேண்டும். செவி கொடாது நாற்காலி மட்டும் கொடுப்போர், தம் நிறுவனத்தைத் தாமே மூடுபனிக்குள் நிறுத்துகிறார்கள். பாடசாலை அதிபர் முதல் பல்கலைக்கழகத் துணைவேந்தர் வரை ஒருவரைத் தெரிந்து அமர்த்தும் பொறுப்புடைய எவரும் இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும்.

மாணவருக்கும் ஒரு செய்தி உண்டு. மார்கரெற் பேர்பிட்ஜ் அரச வானியலாளர் ஆகவில்லை. ஆயினும் மழைநாளில் துருப்பிடித்த ஆணியொன்றைக் கையில் எடுக்கும் எவரும், அதிலுள்ள இரும்பு எந்த உலையில் வெந்தது என்று கேட்டால், அதற்கான விடையிலே அவர் பெயரும் இருக்கிறது.